மதிலில் சாய்ந்து நின்றவர்கள்

பதினோரு மணிக்கு வரவும் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். பதினொன்றே கால் ஆகிவிட்டது. கூப்பிடாமலே இருந்துவிட்டால் நல்லது என்று வடிவுக்குத் தோன்றியது. அது தோன்றி முடிவதற்குள், கூப்பிட்டுத் தொலைத்தால்தான் என்ன என்றும் தோன்றியது. முதல்வர் அறைக்கு வெளியே கிடந்த நீள பெஞ்சின் இந்த முனையில் அவள், அந்த முனையில் ராஜபுஷ்பம், நடுவில் ராஜபுஷ்பத்தின் ஒயர்க்கூடை. பதினேழு வருஷமாக இந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இரண்டு பேரும் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள்தான். வடிவு கண்காணிப்பாளர். ராஜபுஷ்பம் தினக்கூலிக்கு வந்த உதவியாளர். வினாத்தாள் கட்டுகள் இருக்கிற அறையைத் திறப்பதும் பூட்டுவதும் அவள் வேலை. கணக்குப்பதிவியல் வினாத்தாள் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னாலேயே மாணவர்களின் போனிலெல்லாம் வந்துவிட்டது, தாள் இருந்தது அந்த அறையில், சாவி இருந்தது ராஜபுஷ்பத்திடம், ஆகவே ராஜபுஷ்பம்தான். இப்படி ஒரு முடிச்சைப் போட்டு, வேலைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிப் பத்து நாளாகிறது. இன்றைக்கு விசாரணை. வடிவு சாட்சி. சாட்சியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள் என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர் மதுரநாயகம் சார் நேற்றே போனில் சொல்லிவிட்டார். சாவி யாரிடம் இருந்தது? ராஜபுஷ்பத்திடம். அவ்வளவுதாம்மா, சொல்லிட்டு வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க என்றார். ஐந்து மாதமாக எல்லாரும் அவளை ஓய்வெடுக்கத்தான் சொல்கிறார்கள். ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே உடம்பு அலுத்துப்போயிற்று.

“சாப்பிட்டியளாக்கா?” ராஜபுஷ்பம் கூடைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

“ஆச்சு.”

“பொய் சொல்லுதிய. மொகத்தப் பாத்தா தெரியாதாக்கும். இடியாப்பம் கொண்டாந்திருக்கேன், தேங்காப்பூ போட்டது. உங்களுக்கும் சேத்துத்தான்.”

“அப்புறம் திங்கேன் புஷ்பம். இப்ப எறங்காது.”

“எனக்கில்லா எறங்கக் கூடாது? உங்களுக்கென்ன வந்துச்சி?” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் உடைந்தது. கூடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வடிவின் பக்கமாக நகர்த்தி வைத்தாள். மூடியில் ஒரு நெளிசல். அந்த நெளிசலைக்கூட வடிவுக்குத் தெரியும்.

உங்களுக்கென்ன வந்துச்சி. எனக்கு என்ன வந்தது என்று சொல்லத்தானே ஆறு நாளாக நாக்கு புரளாமல் கிடக்கிறது. போன வியாழக்கிழமை, சாட்சிக்கு வர வேண்டும் என்ற கடிதத்தோடு, வெளியே போன வினாத்தாளின் நகலையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை, பார்க்கத் தோன்றவுமில்லை. யாரோ போனில் படமெடுத்துப் பரப்பியது, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் பிழை பார்க்கிற கண்ணோடு, மேலிருந்து கீழே வந்தாள். பதினான்காவது கேள்வி, கூட்டு வணிகத்தில் ஒருவர் விலகும்போது நற்பெயரை எப்படி மதிப்பிடுவது. பதினேழாவது கேள்வி, கூட்டு வணிகத்தில் ஒருவர் விலகும்போது நற்பெயரை எப்படி மதிப்பிடுவது. ஒரே கேள்வி இரண்டு தடவை. விசாரணைக் குழு அதையும் கவனித்திருந்தது. பக்கத்தில் பென்சிலால் ‘மாணவர்கள் மறுபடி தட்டச்சு செய்தபோது நேர்ந்த பிழை’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். மாணவர்கள் பிழை இல்லை. அது அவள் பிழை. பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி அவள் அதைக் கண்டுகொண்டாள். பேராசிரியர் கையால் எழுதி உறையிலிட்டுக் கொடுத்ததை அவள்தான் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். அன்றைக்கு இறந்துபோன கணவரின் மாசத் திதி. ஐயர் போய், காக்காய்க்கு வைத்து, வந்தவர்களும் போய், சாயங்காலம் லாப்டாப்பைத் திறந்தபோது கண் வரி மாறி விழுந்தது. பதினேழில் மறுபடி பதினான்கையே அடித்துவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்து, திருத்தி, வேறு பெயரில் சேமித்து, பென்டிரைவில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவந்தாள். அச்சானது, கட்டாகி அறைக்குள் போனது, ராஜபுஷ்பம் பூட்டியது எல்லாம் திருத்திய தாள். திருத்தாத தாள் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்துக்கும் ராஜபுஷ்பத்தின் சாவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சட்டம் தெரியாதவளா அவள்? புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். ஆனால் அவர் படுக்கையில் விழுந்த அந்த ஏழு மாதம், நாலு மணிக்கு மேல் நர்ஸ் இருக்கமாட்டாள். யாராவது ஒருத்தர் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், வாயில் தண்ணீர் விட வேண்டும். விடுப்பெல்லாம் தீர்ந்துபோய் அவள் மதுரநாயகம் சாரின் மேசைக்கு முன்னால் நின்றபோது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘வேலையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா, நான் கேக்க மாட்டேன், நீங்களும் யார்கிட்டயும் சொல்லவேண்டாம்’ என்றார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. அன்றைக்குச் சார் நிமிர்ந்து பார்த்திருந்தால் அவள் அழுதிருப்பாள் என்று தெரிந்துதான் பார்க்கவில்லை. அந்த மாதிரி மனுஷன். அடுத்த வருஷம் முதல்வர் நாற்காலி அவருக்கு என்று பேச்சிருக்கிறது. அவள் வாயைத் திறந்தால் அந்த நாற்காலியும் சேர்ந்து போகும். கொடுத்த சோற்றுக்கு இலையில் மண் போடுவதா? போடாவிட்டால் அந்த மண் புஷ்பம் தலையில் விழுகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எந்த இடத்தில் பழி, எந்த இடத்தில் பாவம் என்று யோசிக்கப் போனால் நெற்றிப்பொட்டில் வலிதான் மிஞ்சுகிறது.

சரி, வீட்டிலிருந்து எப்படிப் போயிற்று? கதவு உடையவில்லை. லாப்டாப் காணாமல் போகவில்லை. அவள் கணவர் சங்கரலிங்கம் இருந்த காலத்தில் அந்த வீட்டுக்குள் ஈ நுழையாது. டெலிபோன் இலாகாவில் முப்பத்தோரு வருஷம் கம்பியும் கையுமாக இருந்த மனுஷர். வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாம் முறை இழுப்பார். வை-ஃபை வைத்தபோதும் அப்படித்தான். அதற்குச் ‘சங்கரன் இல்லம்’ என்று பெயர் வைத்து, பதினாறு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டைப் போட்டு, அதை அவளிடம்கூடச் சொல்லாமல் அவளுடைய போனில் அவரே அடித்துக் கொடுத்தார். ‘பொண்டாட்டிகிட்ட கூடவா?’ என்று கேட்டதற்கு, ‘நீ உன் தங்கச்சிகிட்ட சொல்லுவ, அவ ஊருக்கே சொல்லுவா’ என்றார். அதுவும் உண்மைதான். படுக்கையில் விழுந்த பிறகு பழைய போட்டோக்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். லாப்டாப்பில் ஒரு கோப்புறையைப் ‘பொது’ என்று பெயரிட்டுத் திறந்துவைத்து, எதிர்ச் சுவரில் இருந்த டிவியிலேயே அவை தெரியும்படி செய்யச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள்தான் செய்தாள். இதுக்குப் பூட்டு வேண்டாமா என்று அவள் கேட்டாள். ‘வெளிக்கதவு பூட்டியிருக்குல்லா, உள்ரூமுக்கெல்லாம் என்னத்துக்குப் பூட்டு?’ என்றார். அவளுக்கு லாப்டாப்பில் தெரிந்த ஒரே கோப்புறை அதுதான். குற்றாலம் போட்டோவும் அங்கேதான், மகள் பூரணியின் கல்யாண போட்டோவும் அங்கேதான், வினாத்தாளும் அங்கேதான்.

அப்புறம் அவர் போன அன்றைக்கு அந்த வெளிக்கதவை வீட்டிலிருந்தவர்களே கழற்றினார்கள். மகள் பூரணி மஸ்கட்டில் நிறைமாதம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். அப்பா மொகத்தைக் காட்டுங்கம்மா, கடைசி வரைக்கும் காட்டுங்கம்மா என்று போனில் கதறினாள். இப்போதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், பந்தல்காரரைப் போல, ஐஸ் பெட்டிக்காரரைப் போல, நேரலைக்காரர் ஒருவரும் வந்துவிடுகிறார். அவர் கேமராவைக் காலோடு நட்டுவிட்டு, “நெட் பாஸ்வேர்டு என்னங்கம்மா?” என்று கேட்டார். கூடத்தில் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கைகட்டிப் படுத்திருந்தார். அந்த நேரத்திலும் வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகிறாள் என்று நாத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளியூர்ச் சொந்தக்காரர்களும் ஆளாளுக்குப் போனை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்க, நேரலைக்காரர் மோடத்தைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அதன் செட்டிங்ஸுக்குள் போய், பாஸ்வேர்டையே எடுத்துவிட்டார். ‘துஷ்டி வீடுதான, யாரு வேணாலும் வரட்டும்’ என்று யாரோ சொன்னார்கள். அது சரியான பேச்சாகத்தான் இருந்தது. துஷ்டி வீட்டு வாசலை யாராவது சாத்துவார்களா? பதினாறாம் நாள் கழிந்து பந்தலைப் பிரித்தார்கள், நாற்காலிகளை எண்ணி எடுத்துப் போனார்கள், ஐஸ் பெட்டி என்றைக்கோ போய்விட்டது. எடுத்த பூட்டைத் திருப்பி மாட்ட மட்டும் யாருக்கும் நினைவில்லை.

நினைவில்லை. மற்றவர்களுக்குச் சரி. உனக்குமா வடிவு? இதுதான் உள்ளுக்குள் அரிக்கிற இடம். இரண்டாம் மாதமே கேபிள் ஆபீஸ்காரர் சொன்னார், திறந்து கிடக்குக்கா, அஞ்சு நிமிஷ வேலை, பூட்டித் தாரேன். இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னவள் அவள்தான். ஏனென்றால் அதற்குள் சாயங்காலங்களில் மதிலோரம் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். எதிர் வேப்பமரத்தடி ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர். கடையில் வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற பெண்கள். கூரியர்காரர் ஒருவர். பெயர் தெரியாத நாலைந்து பேர். எல்லாரும் மதிலில் சாய்ந்து நின்று தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல், ஒரு சிரிப்பு, வீட்டில் யாரோடோ பேசுகிற ஒரு குரல். வெறும் வீடு வெறும் வீடாக இல்லாமல் இருந்தது. ஒருநாள் மின்சாரம் போனபோது ஆட்டோக்காரர் முத்தையா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “எக்கா, இன்னைக்கு சங்கரன் இல்லம் வரலியே, கரண்டு இல்லியா?” என்று கேட்டார். செத்துப்போன மனுஷரின் பெயரை உறவுக்காரர்கள் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள், சொன்னால் அவள் மனசு கஷ்டப்படும் என்று. தெருவில் போகிறவர்கள் தினமும் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு வருகிறார்களே! மழை பெய்த ஒருநாள் அவள் எல்லாருக்கும் காப்பிகூடப் போட்டுக் கொடுத்தாள். அத்தனை பேரில் தாளை எடுத்த கை எது? யாருடைய முகத்தை நினைத்துப் பார்த்தாலும், சேச்சே, அவராக இருக்காது என்றுதான் தோன்றுகிறது. மதிலில் சாய்ந்தவர்கள்தான் என்றும் இல்லை. பக்கத்து மாடி இருக்கிறது, பின்தெரு இருக்கிறது, நிறுத்தி வைத்த காருக்குள் யாராவது இருந்திருக்கலாம். சுவரைத் தாண்டி அந்த நெட் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், விளக்குக்கூடப் போடாமல், மனசு ஒரு நிலையில் இல்லாமல், டிவியில் போட்டோ பார்க்க உட்கார்ந்தாள். ரிமோட்டை அமுக்க அமுக்கக் கட்டம் கட்டமாக நகர்ந்தது. ஐந்தருவியில் தலையில் துண்டோடு அவர். பூரணிக்கு மொட்டை போட்ட நாள். அதற்கடுத்த கட்டத்தில் படம் இல்லை, வெள்ளைத் தாள் மாதிரி ஒரு சின்னம், கீழே எழுத்து: கணக்குப்பதிவியல், பருவம் நான்கு, பழையது. அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். அந்த டிவிக்கு அவள் எந்தச் சாவியும் கொடுக்கவில்லை. டிவியால் பார்க்க முடிகிறதென்றால் மதிலில் சாய்ந்து நிற்கிறவராலும் பார்க்க முடியும். வாசலில் நிற்கிற ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளறை வரை வந்து பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம். கட்டிலில் படுத்திருக்கிறவளுக்குத் தெரியப்போவதில்லை. அப்புறம் அதைவிட மோசமான நினைப்பு ஒன்று வந்தது. கடைசி மாதங்களில் அவர் முதுகில் படுக்கைப்புண் வந்தபோது, டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்று தினம் ஒரு படம் எடுத்தாள். அதுவும் அங்கேதான் இருக்கிறது. சட்டையில்லாத எலும்பு முதுகு, சீழ், அவர் வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. மூன்றுமுறை கதவை இழுத்துப் பார்க்கிற மனுஷரின் முதுகை ஊர் பார்த்திருக்கலாம். அதற்குத்தான் அவள் அன்றைக்கு அழுதாள். புஷ்பத்துக்காக அழவில்லை. அந்த வெட்கம் இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வந்து காதைச் சுடுகிறது.

புஷ்பத்துக்காக அழாதது நன்றிகெட்டதனம் என்று அவளுக்கே தெரியும். அவர் போன அன்று முதல் ஆளாக வந்து வாசல் பெருக்கியவள் புஷ்பம். மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் கிடந்தாள். நாத்தனார் அவளை அடுக்களைக்குள் விடவில்லை. அது ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வடிவும்தான் சொல்லவில்லை. புறவாசலிலேயே குந்தி அத்தனை அண்டாவையும் தேய்த்தாள். ராத்திரி வடிவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, அழுங்கக்கா, அழுதாத்தான் தூக்கம் வரும் என்றாள். இப்போது ஊர் அவளைக் கள்ளி என்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

“பேத்திக்கு என்ன பேரு வச்சிருக்காவ?” ராஜபுஷ்பம் கேட்டாள். நேரம் போகாமல் கேட்கிறாள்.

“இன்னும் முடிவாகல. கூப்பிடுததுக்குச் சும்மா தங்கம்னு கூப்பிடுதாங்க.”

“தங்கந்தான. நல்லா இருக்கட்டும்.”

வடிவு எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். “உன் மகளுக்கு ஒரு எடம் வந்துச்சே, தூத்துக்குடிப் பக்கம். பொண்ணு பாக்க வந்தாங்களா?”

ராஜபுஷ்பம் கூடையின் கைப்பிடியை முறுக்கினாள். “அத விடுங்கக்கா” என்றாள். பிறகு, “நீங்க உள்ள ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா. சாவி எங்கிட்டதான் இருந்துச்சி, அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இவ அப்பிடிப்பட்டவ இல்லன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா கேப்பாவ” என்றாள்.

சொல்வதற்கு இது போதுமே என்று ஒரு கணம் வடிவின் மனசு குதித்தது. இவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். பொய்யில்லாமல், தன்னையும் சொல்லாமல், மதுரநாயகம் சாரையும் காட்டிக்கொடுக்காமல். அழுத்திச் சொன்னால் எச்சரித்து விட்டுவிடுவார்கள். விடாவிட்டால்? எங்கிருந்து போயிற்று என்று ஒரு பதில் வேண்டுமே அவர்களுக்கு. கல்லூரி வை-ஃபையைச் சொல்லலாமா? அதுவும்தான் திறந்து கிடக்கிறது. தரமதிப்பீட்டுக் குழு வந்த வாரம், வருகிறவர்கள் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது, மரியாதையாக இருக்காது என்று எடுத்துவிட்டதுதான். குழு வந்து மதிப்பெண் போட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. இந்த வளாகத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். இதை ஆறு நாளாக எத்தனை தடவை நினைத்திருப்பாள்! நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. உடனே பதினேழாவது கேள்வி வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. திருத்தாத தாள் இந்த வாசலுக்குள்ளேயே வரவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இன்னும் இரண்டு வருஷம்தான் அவளுக்குச் சர்வீஸ். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கடிகாரத்துக்காகவா? அதற்காகவும் இல்லை. எதற்காக என்று கேட்டால், எழுந்து நின்று வாயைத் திறக்கிற தெம்பு இல்லை என்பதுதான் பதில். ஏழு மாதம் ஒரு உடம்பைத் திருப்பிப் போட்டு, ஐந்து மாதம் ஒரு வீட்டைத் தனியாகப் பூட்டித் திறந்து, எலும்புக்குள் இருந்த சத்தெல்லாம் வற்றிவிட்டது. இன்னொருத்தியின் பாரத்தைத் தூக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள். இன்னொருத்தியின் பாரமா? உன் பாரத்தை அல்லவா அவள் சுமந்துகொண்டு அந்த முனையில் உட்கார்ந்திருக்கிறாள்.

“வடிவாம்பிகை அம்மா, வாங்க.”

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. முதல்வரும், வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவரும், சற்றுத் தள்ளி மதுரநாயகம் சாரும். முதல்வர் நாற்காலியைக் காட்டி, உங்களை அலைக்கழிக்கக் கூடாதுன்னுதான் எல்லாம் தயாரா வச்சிருக்கோம், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும் என்றார். தட்டச்சு செய்த ஒரு பக்கம். இப்படி எத்தனை ஆயிரம் பக்கம் அவள் தட்டச்சு செய்திருப்பாள்! வினாத்தாள் அறையின் சாவி மேற்படி நாட்களில் திருமதி ராஜபுஷ்பத்தின் பொறுப்பில் இருந்தது. சரி. வினாத்தாள் தயாரிப்புப் பணி முழுவதும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே நடைபெற்றது என உறுதி கூறுகிறேன். அவள் நிமிர்ந்து மதுரநாயகம் சாரைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த காகிதக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை, இன்றைக்கும் பார்க்கவில்லை. அன்றைக்கு அது கருணை. இன்றைக்கு அவருக்கும் பயம். மனுஷர்தானே. கையெழுத்துப் போடுகிற இடத்தில் யாரோ சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். பேனா கைக்கு வந்துவிட்டது. அப்போது வக்கீல் தன் லாப்டாப்பைத் திறந்துகொண்டே, “சார், இங்க நெட்டு?” என்று கேட்டார். முதல்வர் முகம் மலர்ந்து, “அப்படியே வரும் சார், பாஸ்வேர்டெல்லாம் கிடையாது. நம்ம காலேஜ்ல எல்லாம் ஓப்பன்தான்” என்றார்.

வக்கீல் நன்றி சொன்னார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பத்து நாளாகத் திருட்டை விசாரிக்கிற அறையிலேயே கதவு திறந்து கிடக்கிறது. அதைவிட, ஆறு நாளாகத் தெரிந்த பிறகும் அவள் தன் வீட்டுப் பூட்டைப் போடவில்லையே! இன்று காலையில் கிளம்பும்போதும் மோடத்தில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. கேபிள் ஆபீஸுக்கு ஒரு போன், ஐந்து நிமிஷ வேலை. பூட்டினால் சாயங்காலம் மதிலோரம் ஆள் இருக்காது. அந்த இருமலுக்கும் சிரிப்புக்கும் ஆசைப்பட்டு, அவர் முதுகையும் திறந்துபோட்டு, புஷ்பத்தின் மானத்தையும் திறந்துபோட்டு, ஆறு சாயங்காலம் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கிறாள். தெம்பில்லை என்பதெல்லாம் சும்மா. அருவருப்பாக இருந்தது. அவள் பேனாவைத் திருப்பிப் பிடித்து, இரண்டாவது வாக்கியத்தை ஒரே கோட்டில் அடித்தாள். அடியில் தன் கையாலேயே எழுதினாள்: இந்தத் தாளை என் வீட்டில் வைத்துத் தயாரித்தேன். வெளியே போனது என் வீட்டுக் கணினியில் இருந்த பிழையுள்ள பிரதி. பதினேழாவது கேள்வியைப் பார்க்கவும். ராஜபுஷ்பத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோக யார் சம்மதித்தார் என்று எழுதவில்லை. அதைக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பெயரை எழுதித் தேதி போட்டாள். முதல்வர் அதைப் படித்தார், மறுபடியும் படித்தார், என்னம்மா இது என்றார். மதுரநாயகம் சார் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

கால் மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, வெளியே இருங்கள், மறுபடி கூப்பிடுவோம் என்றார்கள். பெஞ்சில் ராஜபுஷ்பம் அதே இடத்தில் இருந்தாள்.

“என்னக்கா, சொல்லிட்டியளா?”

“சொல்லிட்டேன்.” வடிவு இந்தத் தடவை கூடைக்கு அந்தப் பக்கம், அவளை ஒட்டி உட்கார்ந்தாள். “பேப்பர் எங்க வீட்டுலருந்துதான் போயிருக்கு புஷ்பம். என் லாப்டாப்புலருந்து. நெட்டப் பூட்டாமப் போட்டிருந்தேன், எவனோ உள்ள வந்து எடுத்திருக்கான். அதத்தான் எழுதிக் குடுத்தேன்.”

ராஜபுஷ்பத்துக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அப்ப நான் எடுக்கலைன்னு ஆயிட்டா?”

“ஆயிட்டு.”

“ஏசுவே” என்றாள். முகம் அப்படியே தளர்ந்து, கண்ணில் தண்ணீர் கட்டியது. வடிவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாதேக்கா? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?” இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ராஜபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷத்தில் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். “எப்பக்கா தெரிஞ்சிது?”

இன்று காலையில்தான் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்தக் கைகள் சூடாக இருந்தன. “வியாழக்கிழமை” என்றாள் வடிவு.

“நாளைக்குத்தான வியாழக்கிழமை?”

“போன வியாழக்கிழமை.”

ராஜபுஷ்பத்தின் உதடு வெள்ளி, சனி என்று அசைவதை வடிவு பார்த்தாள். பிடித்திருந்த கைகள் இளகி, தன் மடிக்குத் திரும்பிப் போயின.

“ஞாயித்துக்கெழமதான் பொண்ணு பாக்க வாரதா இருந்துச்சி” என்றாள் ராஜபுஷ்பம். “பலகாரமெல்லாம் செஞ்சி வச்சிருந்தோம். கள்ளி வீட்டுல சம்பந்தம் வேண்டாம்னு ஆளனுப்பிச் சொல்லிட்டாவ. பிள்ள மூணு நாளாச் சாப்பிடல.”

அறைக் கதவு திறந்து, “ராஜபுஷ்பம்!” என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்து சேலையை நீவிக்கொண்டாள், கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலு எட்டு போனவள் திரும்பினாள்.

“இடியாப்பத்தச் சாப்பிட்டுட்டு டப்பாவ இங்கனயே வச்சிருங்க மேடம். நான் வந்து எடுத்துக்கிடுதேன்.”

பதினேழு வருஷத்தில் அந்த வாயிலிருந்து மேடம் என்ற சொல் வந்ததில்லை. கதவு சாத்திக்கொண்டது. வடிவு டப்பாவை மடியில் எடுத்து வைத்தாள். நெளிந்த மூடி லேசில் வரவில்லை. நகத்தை விட்டு நெம்பித் திறந்தாள். இடியாப்பம் இரண்டு பங்காகப் பிரித்து, நடுவில் வாழையிலைத் துண்டு செருகி வைத்திருந்தது.